பிந்தி எறிந்த போத்தல்

வாசித்ததை மறுபடி வாசிக்காத ராக் குழு அது. அவர்களின் மேடைப் பதிவுகள் நாற்பத்தொன்றும் வினோகரனுக்கு மனப்பாடம். அதனால்தான் கல்லடிக் கடற்கரையில் கிற்றார்க்காரன் றுஸ்தி, போன மாதம் உன்னிச்சை மேடையில் வாசித்ததையே அச்சொட்டாக வாசித்தபோது அவனுக்குப் பொறுக்கவில்லை. "கள்ளன்!" என்று கத்திச் சோடாப் போத்தலை எறிந்தான்.

றுஸ்தியின் நெற்றி பிளந்தது. இரத்தம் கண்ணை மறைத்தும் அவன் வாசிப்பை நிறுத்தவில்லை; கிற்றார் அறுபடும் கிடாய்போல் அலறியது. அப்படியொரு வாசிப்பை எவனும் கேட்டதில்லை. சனம் வினோகரனை மணலில் போட்டு மிதித்தது. விலா எலும்பு முறிந்தபோதும், பதிவுசெய்துகொண்டிருந்த போனை அவன் விடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, ஏழு தையலோடு றுஸ்தி வந்து நின்றான். வினோகரன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"அடிக்க வரல்ல. றெக்கோட் இரிக்கா?"

இருவரும் பதிவைக் கேட்டார்கள். அதில் போத்தல் உடைந்த இடம் வந்ததும் றுஸ்தி தையலைத் தடவினான்.

"பிந்திட்டாய் மச்சான். உன்னிச்சையிலயே எறிஞ்சிரிக்கணும். றெக்கோட் இல்லாத ஒரு மேடையில வாசிச்சது, அதுவும் பழசுதான்."