நகர்ந்த புள்ளி

ஸ்கேன் சென்டரின் திரை முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு, மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். மேலே இடது ஓரத்தில் கடுகளவு வெள்ளை. சிவப்புக்கு மாற்றினாள், பச்சைக்கு, பிறகு நீலத்துக்கு. எந்த நிறத்திலும் அந்த வெள்ளை அணையவில்லை.

பழுது இருக்கத்தான் செய்கிறது. அப்படியானால் அன்றைக்கு அவள் சொன்னது பொய்யில்லை. ஏழு மாதத்தில் முதல்முறையாக மூச்சு முழுசாக உள்ளே போனது.

ஸ்கேன் சென்டர்களில் இருக்கும் திரைகளில் பழுதான புள்ளிகளைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் கழுகு. இருமல் விடவில்லை என்றவனை ஏழு மாதத்துக்கு முன் இங்கே கூட்டிவந்து எக்ஸ்ரே எடுக்கவைத்ததும் அவள்தான். படம் எடுத்த பெண் இதே திரையில் விரல் வைத்து, “இது என்னக்கா, வெள்ளையா?” என்று கேட்டாள்.

படத்தைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் போதும். திரையின் பழுது நின்ற இடத்திலேயே நிற்கும். படத்தில் இருப்பது படத்தோடு போகும். மவுஸ் அவள் கைக்கடியில்தான் இருந்தது. பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

“அது ஸ்கிரீன் கோளாறு. மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கேன்.”

“கழுகு சொன்னா அப்பீலே கிடையாது” என்று பின்னால் நின்று சிரித்தான் அண்ணன். அதே திரையில் பார்த்த டாக்டரும் அவள் சொன்னதை நம்பி ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். நான்கு மாதம் கழித்து அவன் ரத்தமாகத் துப்பியபோது காலம் கடந்திருந்தது. திரையை இன்றுவரை யாரும் மாற்றவில்லை. அவளும் அந்தப் படத்தைத் திறக்கவில்லை.

இன்று காலை வீட்டுக்கு வந்த டாக்டர், “இன்னிக்குப் பொழுது தாங்காது” என்று வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள்.

படத்தைத் திறந்தாள். அந்த இடத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. படத்தை நகர்த்தினாள்.

ஒன்று இரண்டானது. ஒரு புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. அதன் அடியிலிருந்து இன்னொன்று வெளியே வந்து, விலா எலும்புகளோடு சேர்ந்து நகர்ந்து போனது.

போன் அடித்தது. அண்ணி.

“எங்கம்மா போயிட்ட? உன்னையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு.”

வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தபோது அண்ணன் கண்ணைத் திறந்தான்.

“என்ன கழுகு... பேயடிச்ச மாதிரி முழிக்கிற? சாகப்போறது... நான்தானே?”

“அண்ணா, அன்னிக்கு அந்தப் படத்துல...”

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஜன்னலைத் தெற. புழுங்குது.”

தாழ்ப்பாள் இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கடைசியில் அது விடுபட்டதும் பின்னால் அண்ணி, “என்னங்க... என்னங்க...” என்பது கேட்டது. திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

முதலில் வந்தது அழுகை அல்ல. இனி அவனிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற நிம்மதி.

மாலைக்குள் வீடு நிறைந்துவிட்டது. அண்ணி அவளைத் தன் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள்.

“ஆளாளுக்குக் கேக்குறாங்க, முன்னாடியே பாத்திருக்கலாமேன்னு. பாக்காமலா இருந்தோம்? அப்பவே ஏதாச்சும் இருந்திருந்தா நீ விட்டிருப்பியா?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“சொல்லும்மா.”

“அப்ப ஒண்ணும் இல்ல, அண்ணி.”

அண்ணி அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினாள். பிறகு, யாருக்கும் கேட்காதபடி காதோரம் குனிந்தாள்.

“எனக்கும் ரெண்டு வாரமா இருமல். அவருக்குத் தெரியவேணாம்னு வாயைப் பொத்திக்கிட்டே இருந்தேன். இதெல்லாம் முடியட்டும், ஒரு படம் எடுத்துருவோம். டாக்டரு கீக்டரு யாரும் வேணாம். நீ பாத்துச் சொன்னாப் போதும் எனக்கு.”

பல நாள் தூங்காத அண்ணி, பதிலுக்குக் காத்திராமல், அவள் தோளிலேயே தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். மூச்சு கழுத்தில் சுடச்சுடப் பட்டது. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஏதாவது கரகரக்கிறதா என்று அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒரு டம்ளர் டீயை அவள் முன்னால் நீட்டினார்கள். தோள் மரத்துப்போயிருந்தது. அண்ணி விழித்துவிடக்கூடாதே என்று அவள் கையை அசைக்கவில்லை.