வெந்நீர்த் தொட்டிக்குக் குறுக்கே ஒரு கோடு

எச். பி. ஸ்டென்ருட் எங்கள் ஊர்ப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்றது பள்ளிக்குத் தெரியும். அவருக்கு இன்னும் தெரியாது. எச் என்றால் ஹார்லன். பி என்றால் என்ன என்று மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள். நானும் தோற்றவன்தான்.

மொன்டானாவில் வேட்டைச் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு, வேட்டைப் பருவத்துக்கு முந்தைய செப்டம்பர் மாதம் பொறுமைச் சோதனை. ஸ்டென்ருட் தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் என் கடைக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஜி.பி.எஸ். கருவிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொன்னார். குளிரில் பேட்டரி நிற்குமா, கையுறையோடு பொத்தானை அழுத்த முடியுமா, பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் வேலை செய்யுமா என்று என்னைக் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்.

"போன்லயே இதெல்லாம் வருது சார். சிக்னல் இல்லாத இடத்துக்கு மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கிட்டா போதும்" என்றேன்.

"டெல்பர்ட், எட்டாவதுல புவியியல்ல நீ எவ்வளவு வாங்கினே?"

நான் அடுத்த கருவியை எடுத்தேன்.

கடைசியில் இருப்பதிலேயே பெரியதை, செங்கல் கனத்தில் ஒன்றை, தேர்ந்தெடுத்தார். கூடவே அதில் ஏற்றிப் பார்க்கும் நில உரிமையாளர் வரைபடமும் வாங்கினார். அரசு நிலத்துக்கு ஒரு நிறம், தனியார் நிலமென்றால் அதன் மேல் உரிமையாளர் பெயர். அந்தப் பெயர்கள்தான் அவரை வீழ்த்தின. வருகைப் பதிவேட்டைத் திரும்பக் கையில் கொடுத்தது போல முகம் மலர்ந்தது. கருவியை முதன்முறை இயக்கியதும், இது நில அளவை அல்ல, சில அடிகள் முன்பின் இருக்கலாம், சம்மதமா என்று திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. படிக்காமலே சம்மதத்தை அழுத்தினார். கேள்வியைப் படிக்காமல் பதில் எழுதியதற்காக என்னை ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நிறுத்தியவர் இவர்.

பத்தொன்பது ஆண்டுகள் விண்ணப்பித்து, அந்த ஆண்டுதான் குலுக்கலில் அவருக்கு ஆண் எல்க் மானுக்கான உரிமச் சீட்டு விழுந்திருந்தது. இன்னொன்று விழ இன்னும் பத்தொன்பது ஆண்டு ஆகலாம். அவருக்கு வயது அறுபத்தெட்டு.

வேட்டைப் பருவத்தின் கடைசி ஞாயிறு காலை அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "எல்க் விழுந்துடுச்சு. ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்துடுச்சு. நீ சாட்சியா வா. கருவியை வித்தவன் நீதானே."

வேலிக்கு அந்தப் பக்கம் பெர்னீஸ் டாலனின் மாட்டுப் பண்ணை. எங்கள் மாநிலத்தில் சுட்ட மான் அடுத்தவர் நிலத்தில் விழுந்தால், அவர் சம்மதமின்றித் தொடக்கூடாது. சம்மதம் கேட்பது பெரிய காரியமில்லை, கேட்கப்படுபவர் பெர்னீஸாக இல்லாவிட்டால். ஜூன் மாதம் அவளுடைய கன்று ஒன்று வேலி இடுக்கில் நுழைந்து ஸ்டென்ருட்டின் புல்லைத் தின்றது. அதை மீட்க வந்தவளிடம் அவர், 'நுழைவு அனுமதி விண்ணப்பம்' என்று தானே அச்சடித்த படிவத்தை மூன்று பிரதிகளில் நிரப்பச் சொன்னார். நடுப்பெயருக்கு முதலெழுத்து மட்டும் போட்டிருந்ததற்காகத் திருப்பியும் அனுப்பினார். முழுப் பெயர் வேண்டுமாம்.

நான் போனபோது இருவரும் வேலியின் இரு பக்கமும் நின்றிருந்தார்கள். வேலிக் கம்பங்களில் ஸ்டென்ருட் பூசிய ஆரஞ்சு வண்ணம். அனுமதியின்றி நுழையாதே என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் அடையாளம். பாறை ஒன்றைச் சுற்றி வேலி அவர் பக்கமாக வளைந்திருந்த இடத்தில், அந்தப் பக்கம் பத்தடி தள்ளி எல்க் கிடந்தது.

"சுடும்போது என் நிலத்துல நின்னுது. இப்பவும் என் நிலத்துலதான் கிடக்குது" என்றார் ஸ்டென்ருட், கருவியை நீட்டி. "பாரு. நிஜமான எல்லை வேலியைத் தாண்டிப் பன்னிரண்டு அடி. உங்கப்பா வேலியைக் கோணலாப் போட்டிருக்கார்."

"எங்கப்பா எல்லாத்தையும் கோணலாத்தான் செஞ்சார்" என்றாள் பெர்னீஸ். "இந்தக் கோடு நேர்க்கோடா வாத்தியாரே?"

"சந்தேகமா? மலையிலேர்ந்து ரோடு வரைக்கும் நேர்க்கோடு."

"வேலி அப்படி இல்லையே. கீழ போகப் போக என் பக்கம் சாயுதே. டெல்பர்ட், அந்தப் பெட்டியை வாங்கிக் கோட்டைக் கீழ வரைக்கும் நகர்த்து."

நகர்த்தினேன். கோடு பாதி வழியில் வேலியைக் கடந்து ஸ்டென்ருட்டின் பக்கம் நுழைந்தது. மரக்கொட்டகையின் மூலையைச் சீவிக்கொண்டு, மரத்தளத்தில் ஏறி, கோடையில் அவர் புதிதாகப் பதித்த வெந்நீர்க் குளியல் தொட்டியைச் சரிபாதியாக வெட்டிக்கொண்டு போனது. திரையை அவருக்குக் காட்டினேன்.

எல்க் மட்டும்தான் நிம்மதியாக இருந்தது.

"பாதித் தொட்டி என்னுது" என்றாள் பெர்னீஸ். "வியாழக்கிழமை சாயங்காலம் வந்து உக்காரட்டுமா? என் பாதியில மட்டும்."

ஸ்டென்ருட் தொட்டியை நினைத்தார். எல்க்கைப் பார்த்தார். கொம்பில் பக்கத்துக்கு ஆறு கிளை.

"இந்த மேப்பெல்லாம்..." என்று தொண்டையைச் செருமினார். "ஒரு உத்தேசத்துக்குத்தான். நில அளவை கிடையாது. நாலடி அஞ்சடி முன்ன பின்ன இருக்கும்னு மேப் போட்டவனே சொல்றான்."

"பன்னிரண்டு அடி சார்" என்றேன்.

"நீ சும்மா இரு."

"அப்ப வேலிதான் எல்லை?" என்றாள் அவள்.

"வேலிதான் எல்லை."

"அப்ப அது என் நிலத்துல கிடக்குது."

பெர்னீஸ் வண்டிக்குப் போய், ஜூன் மாதத்தில் மிஞ்சிய படிவங்களை எடுத்து வந்து, வேலி மேல் வைத்தாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு எழுதினார். நுழையும் பிராணி என்ற இடத்தில் மாடு, நாய், குதிரை என்று மட்டும்தான் இருந்தது. கொஞ்சம் யோசித்து மாட்டுக்கு நேரே குறியிட்டுக் கொடுத்தார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள்.

"நடுப்பெயருக்கு முதலெழுத்து மட்டும் போட்டிருக்கீங்க."

"பெர்னீஸ், இறைச்சி கெட்டுடும்."

"படிவம் நான் அடிச்சதில்லையே."

அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினார். வாங்கிப் பார்த்தவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை நான் மதிக்கிறேன். மூன்றிலும் கையெழுத்திட்டு, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, ஒன்றை அவரிடம் தந்து, மூன்றாவதை என்னிடம் நீட்டினாள்.

"சாட்சிக்கு."

பி என்றால் பெவர்லி. என் சித்தி பெயர்.

எல்க்கை நாங்கள் மூவருமாகத்தான் இழுத்து வந்தோம். ஒரு பின்தொடை கேட்காமலே பெர்னீஸின் வண்டியில் ஏறியது.

அந்தத் தாள் என் கடையில், ஜி.பி.எஸ். கருவிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வரைபடத்தில் அவர் நிலத்தின் மேல் இன்னும் எச். பி. ஸ்டென்ருட் என்றுதான் வருகிறது. அது உத்தேசமான வரைபடம்.