எடுத்துப் போக ஒரு சாணை

"உன்னைக் கேட்டா, இதுல எதை நீ எடுத்துட்டுப் போவ?"

அந்த அக்கா அப்படிக் கேட்டதும் மேசைக்குப் பின்னால் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். எது நல்லது, எது மலிவு, எது ரொம்ப நாள் உழைக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. நீ எதை எடுத்துப் போவாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் எங்கும் போகப்போவதில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

கடை சித்தப்பாவுடையது. காட்டுக்கும் மலைக்கும் போகிறவர்களுக்கு வேண்டிய கூடாரம், கயிறு, டார்ச், மடக்குக் கத்தி எல்லாம் கிடைக்கும். கண்ணாடி மேசைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடுக்குதான் அவளுடைய இடம். அதிலிருந்து வெளியே வர ஒரு பலகையைத் தூக்க வேண்டும். அந்தப் பலகைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு சித்தப்பா உட்கார்ந்திருப்பார். பாத்ரூம் போவதென்றாலும் அவரை எழுப்பியாக வேண்டும். "இப்பத்தானே போன" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார்.

அப்பா போன பிறகு அவளும் அம்மாவும் கடைக்கு மேலே இருக்கிற அறைக்கு வந்து சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் தூரம், கடை பக்கம் என்று சித்தப்பா சொன்னார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேச்சே எழவில்லை. அவர் அவளை அடித்ததில்லை, திட்டியதும் இல்லை. வருகிறவர்களிடம் "எங்க வீட்டு வாயில்லாப்பூச்சி" என்று காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

அக்கா காட்டில் மரம் அளக்கிறவள். முழங்கால்வரை சேறு காய்ந்த பேன்ட், வெயிலில் வெளுத்த தொப்பி. சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒரு சாணை வேண்டும் என்று வந்திருந்தாள். மேசைமேல் மூன்று இருந்தன. ஆரஞ்சு நிறத்தில் ஒன்று. அதன் நடுப்பிளவில் கத்தியை விட்டு இழுத்தால் போதும். தகர டப்பாவில் ஒரு சின்னக் கல். பேனா மாதிரி மூடி போட்ட ஒரு கம்பி. அதன்மேல் வைரப்பொடி ஒட்டியிருக்கும்.

ஆரஞ்சு சாணையைத்தான் விற்க வேண்டும் என்பது சித்தப்பாவின் உத்தரவு. உள்ளே ஒரு பெட்டி நிறைய தேங்கிக் கிடந்தது. அது இரும்பைச் சீவித் தின்னும், நாளடைவில் கத்தி பல்லிளித்துவிடும். அதனால் அதை விற்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். வாடிக்கையாளரின் கத்தியை "துடைச்சுத் தரேன்" என்று அவள் வாங்க வேண்டும். மேசைக்கு அடியில், சாமான் அடுக்கிய தட்டுக்குப் பின்னால், அவள் இடுப்புயரத்தில், தண்ணீர் தெளித்த பெரிய சாணைக்கல் ஒன்று பதித்திருக்கும். சித்தப்பா ஏதாவது கதை சொல்லிச் சத்தமாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குள் அவள் கத்தியைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்து, துணியால் துடைத்து மேலே கொண்டுவருவாள். பிறகு ஆரஞ்சில் சும்மா ஒரு இழுப்பு. காகிதம் நாடா நாடாவாகக் கிழியும். எல்லாம் பொண்ணோட கைராசி என்பார் சித்தப்பா.

"சொல்லுமா. நீ போறதா இருந்தா?" என்றாள் அக்கா.

அவள் பேனா மாதிரி இருந்த சாணையைத் தொட்டாள். கல்லுக்குத் தண்ணீரும் சமமான இடமும் வேண்டும், இதற்கு எதுவும் வேண்டாம், மழையில் உட்கார்ந்துகூடத் தீட்டலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அவ்வளவு நீளமாக அவள் கடையில் பேசியதே இல்லை. ஆரஞ்சு வேண்டாமா என்று அக்கா கேட்டதற்கு, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்கா சித்தப்பாவிடம் திரும்பினாள். முகாமில் சமையலுக்குக் கூடமாட இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாளாம். திங்கட்கிழமை வண்டி கிளம்புகிறது, இந்தப் பெண்ணை அனுப்புவீர்களா, சாப்பாடும் சம்பளமும் உண்டு என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

சித்தப்பா கோபப்படவில்லை.

"இவளா? அடுப்பு பத்தவெச்சா தீப்பெட்டிக்கு வலிக்குமோன்னு பாக்கறவ மேடம் இவ."

"சமைக்கத் தெரியலன்னாலும் பரவாயில்ல. கயிறு கட்டியாச்சுன்னு சொன்னா கட்டியிருக்கணும். எனக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்றாள் அக்கா. "இப்ப இது ஆரஞ்சு வேணாம்னு உண்மையைச் சொல்லுச்சு. உங்க முன்னாடியே."

சித்தப்பா முகம் ஒரு கணம் சுருங்கி விரிந்தது. அவள் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புகிறேன், முதலில் நீங்கள் சாமானைப் பாருங்கள் என்றார். அக்கா தன் கத்தியை எடுத்து நீட்டினாள். பிடி தேய்ந்த, கூர் மழுங்கிய பழைய கத்தி. "நீ சொன்னதையே போட்டுக் காட்டு."

அவள் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமையை நினைத்தாள். வண்டியின் பின்பக்கம், மரங்கள், தலைக்குமேல் கூரை இல்லாத இடம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். சித்தப்பா, ஒருவர் கூடாரத்தைத் தலைகீழாகக் கட்டிய கதையை ஆரம்பித்து, வழக்கம்போல ஓங்கிச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியபோது கத்தி மேசைக்கு அடியிலிருந்த சாணைக்கல்லின்மேல் இருந்தது. மூன்று இழுப்பு முடிந்திருந்தது. அவள் கை நாலாவதற்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்படியே நின்றாள். கத்தியை மறுபடி மழுக்க முடியாது. மேலே எடுத்து, பேனாவின் மூடியைத் திறந்து, கம்பியில் இரண்டு பக்கமும் தேய்த்தாள். வாயைத் திறந்தாள். பலகைமேலிருந்து சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியைக் காகிதத்தில் வைத்ததும், தொடுவதற்கு முன்பே இரண்டாகப் பிரிந்தது போல அறுந்தது.

"பாத்தீங்களா. அதுதான் கைராசி" என்றார் சித்தப்பா.

அக்கா கத்தியை வாங்கித் திருப்பினாள். பிடியோரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது. அவள் துடைக்க மறந்திருந்தாள். அக்கா அதைக் கட்டைவிரலில் எடுத்து, ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள். கல்பொடி நறநறவென்றது. மேசைமேல் எட்டி, அவள் பாவாடையில் இடுப்பருகே நனைந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.

பேனா நிஜமாகவே நல்லது என்று சொல்ல வேண்டும். கை தன்னால் போய்விட்டது, ஆனால் வாய் சொன்னது உண்மை என்று சொல்ல வேண்டும். "அக்கா" என்பதுவரை வந்தது. சொன்னால் தானும் அம்மாவும் இருக்கிற மாடியறை என்னவாகும் என்று கூரையைப் பார்த்தாள்.

"என்ன மேடம், பேக் பண்ணச் சொல்லட்டுமா?"

அக்கா கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டாள். பேனாவை மூடி, அவள் பக்கமாகத் தள்ளி வைத்தாள். தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு, கதவைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனாள்.