விரல் வரும் நேரம்

என் மகள் யுவஸ்ரீயின் காதுகுத்துக்கு வந்திருந்த குழந்தைகளைச் சுற்றிலும் உட்கார வைத்துக்கொண்டு, யோகேஷ் சீட்டு வித்தை காட்டிக்கொண்டிருந்தான். என் மனைவி தனப்பிரியாவின் தம்பி அவன். திருச்செங்கோட்டில் எங்கள் போர்வெல் ரிக் வண்டிக்குப் பாதிக் கூட்டாளியும் அவன்தான்.

போர் போடுகிற தொழிலில் ஒருவன் வண்டியோடு வடக்கே போக வேண்டும், இன்னொருவன் ஊரிலிருந்து ஆட்களையும் ஆபீஸையும் பார்க்க வேண்டும். ஆயுத பூஜை முடிந்து கிளம்பினால் எட்டு மாதம் சத்தீஸ்கர் புழுதிதான். சண்டை வரக்கூடாதே என்று அன்றைக்கு ஆளுக்கொரு சீட்டு உருவுவோம். சின்னச் சீட்டு வந்தவன் போக வேண்டும். நான்கு வருடமாக நானே போகிறேன். பெற்ற மகளின் முகத்தை முதலில் செல்போனில் பார்த்த அப்பன் நான். இந்த வருடமாவது ஊரில் இருக்க வேண்டும் என்று குலசாமியிடம் வேண்டியிருந்தேன். ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

யோகேஷ் சீட்டுக்கட்டை விரித்து நீட்டினான். ஒரு சிறுமி ஒன்றை உருவினாள். பார்க்காமலே, "ஸ்பேடு மூணு" என்றான். சரியாக இருந்தது. அடுத்தவள் எடுத்ததையும் சொன்னான்.

"எப்படிங்க மாமா?" என்று அவள் நச்சரித்தாள்.

"நீ எங்க சாமி எடுத்தே? நாந்தான குடுத்தேன்! சீட்டு நகந்துக்கிட்டே இருக்கும். உன்ற வெரலு வர்ற நேரத்துக்கு, எனக்கு வேணுங்கற சீட்டு அங்க வந்து நிக்கும். சந்தேகப்பட்டுத் தடவறவங்ககிட்டப் பலிக்காது. நம்பிக் கைய நீட்டறவங்ககிட்டத் தப்பவே தப்பாது."

நான்கு ஆயுத பூஜைக்கும் சீட்டுக்கட்டை விரித்தவன் அவன். மச்சினன்தானே என்று சட்டென்று கையை நீட்டிய மடையன் நான்.

குழந்தைகளை விலக்கிவிட்டு அவன் முன்னால் உட்கார்ந்தேன். "எனக்கும் விரி மாப்ள."

சிரித்துக்கொண்டேதான் விரித்தான். நீட்டிய விரலைப் பாதியில் நிறுத்தினேன். சீட்டுகளும் நின்றன. விரலை நகர்த்தினேன். ஒரு சீட்டு மட்டும் மெல்ல முன்னால் வந்தது. அதையே எடுத்தேன். டைமண்ட் ரெண்டு.

அவன் சிரிப்பு போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கு அந்தப் புழுதி ஒத்துக்கறதில்லீங்க மாமா. மூச்சு வாங்குதுங்க."

"வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே போயிருப்பேனேடா!"

"சொல்லலாம்னுதானுங்க இருந்தேன். அக்காதான் வேண்டாம்னுச்சுங்க."

தனப்பிரியா தாம்பாளத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பொய் சொல்லாதடா என்று அவனை ஓர் அறை விடுவாள் என்று பார்த்தேன். அவளோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேட்டா ஒரு வருசம் போவீங்க. மறு வருசம் வண்டிய வித்தரலாம்பீங்க. சீட்டுல வந்துதுன்னா மறுபேச்சில்லாமப் போயிருவீங்கல்ல. சனங்க பாக்கறாங்க, எந்திரிங்க."

ஒவ்வொரு வருடமும் என் சீட்டைத் திருப்பியதும் முதலில் அழுகிறவள் அவள்தான். "இந்த வருசமுமாங்க?" என்று விசும்புவாள். அவள் கண்ணைத் துடைத்துத் தேற்றிவிட்டுத்தான் நான் நான்கு தடவையும் வண்டி ஏறினேன்.