காலைப் படங்கள், மதியப் படங்கள்

அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றுதான் ரென்ஸ்கெ அந்த வேலையில் இறங்கினாள்.

வாய்மொழித் தேர்வுக்குப் பதினொரு நாள் இருந்தது. ஆய்வேடு அச்சாகி வந்து, இருநூறு பிரதிகள் அவள் மேசைக்கடியில் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. தேர்வன்று பேராசிரியர்கள் கேள்வி கேட்க ஆரம்பிக்கும் முன் பத்து நிமிடம் அவள் குடும்பத்தாருக்காகப் பேச வேண்டும். குடும்பம் என்றால் முதல் வரிசையில் உட்காரப்போகும் அம்மா. ஃப்ரீஸ்லாந்துப் பண்ணையில் அறுபது மாடுகளை வைத்துப் பராமரிப்பவள். "நாலு வருஷமா ஈஸ்ட்ட வெச்சுக்கிட்டு இருக்க. ரொட்டியும் சுடல, பீரும் காய்ச்சல. அப்ப என்னதான் பண்ற?" என்று தொலைபேசியில் கேட்டிருந்தாள்.

ரென்ஸ்கெ பண்ணியது இதுதான். ஈஸ்ட் செல்களில் சில, ஒரு நொதியைத் தயாரித்து வெளியே விடுகின்றன. அது சர்க்கரையை உடைக்கிறது. உடைந்த சர்க்கரையில் பெரும்பகுதி பக்கத்துச் செல்களுக்குப் போய்விடுகிறது. வேறு சில செல்கள் நொதியைத் தயாரிப்பதே இல்லை. அடுத்தவன் உடைத்ததைச் சாப்பிட்டே வளர்கின்றன. ஆய்வகத்தில் அவற்றை ஓசிக்காரர்கள் என்பார்கள். ஓசிக்காரர்கள் எவ்வளவு பெருகினால் எல்லோருமே பட்டினி கிடக்க நேரும் என்பதை, யார் எதைச் செய்தால் யாருக்கு லாபம் என்று பார்க்கும் ஆட்டக் கோட்பாட்டின் கணக்கில் எழுதலாம். அது இரண்டாவது, மூன்றாவது அத்தியாயங்கள். நான்காவதுதான் எல்லோரும் பாராட்டியது. ஒரு செல்லின் படத்தைப் பார்த்தே அது கொடுக்கிற வகையா ஓசி வகையா என்று சொல்லக் கணினிக்கு அவள் கற்றுக்கொடுத்திருந்தாள். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கணினி நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு முறை சரியாகச் சொன்னது.

கணினி படத்தின் எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்கிறது என்பதைச் சிவப்பாகக் காட்ட ஒரு வழி உண்டு. செல்லின் ஓரம் சிவக்கும், அல்லது நடு சிவக்கும், அம்மா "ஓ" என்பாள். அந்த எண்ணத்தில் ஒரு படத்தைப் போட்டுப் பார்த்தாள். செல் முழுக்க நீலமாகவே இருந்தது. செல்லே இல்லாத, வெறும் திரவம் மட்டும் தெரிந்த மேல் மூலை சிவந்திருந்தது.

இன்னொன்றைப் போட்டாள். அதிலும் மூலைதான். நாற்பது படங்கள் பார்த்த பிறகு, செல்களை எல்லாம் வெட்டி நீக்கிவிட்டு வெறும் திரவத்தை மட்டும் கணினிக்குக் கொடுத்தாள். தொண்ணூற்றொன்று சரி.

முதலில் வந்தது பயமோ துக்கமோ அல்ல. அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அப்படிப் பார்த்ததைத்தான் பின்னால் பல நாள் அவளால் மறக்க முடியவில்லை.

மதிய உணவு முடிந்ததும் கட்டடத்தில் உள்ளவர்கள் இரண்டிரண்டு பேராகக் குளத்தைச் சுற்றி நடப்பார்கள், தூறினாலும். ரென்ஸ்கெ எப்போதும் யோரிட்டோடு நடப்பாள். பக்கத்து மேசைக்காரன். இரண்டு வருடத்துக்கு முன் முனைவர் பட்டம் வாங்கியவன், நான்காவது அத்தியாயத்தில் அவளோடு சேர்ந்து உழைத்தவன். தேர்வன்று சடங்குப்படி அவள் வலப்பக்கம் நிற்கப்போகும் துணையாளும் அவன்தான். இடப்பக்கம் அவளுடைய தங்கை.

"என்ன, புளிச்ச மோரக் குடிச்ச மாதிரி இருக்கு மூஞ்சி?" என்றான்.

"நாலாவது அத்தியாயம் தப்பு, யோரிட்."

"அச்சுப்பிழையா?"

"இல்ல. முழுசாவே தப்பு."

சொன்னாள். அவன் நடப்பதை நிறுத்தினான். பின்னால் வந்த ஜோடி அவர்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"வெறும் தண்ணியா?"

"வெறும் தண்ணிதான். தொண்ணூத்தொண்ணு."

"மூலையில அப்படி என்ன இருக்கு?"

"வெளிச்சம். காலையில எடுத்த படத்துல மூலை கொஞ்சம் மங்கல். மதியம் விளக்கு நல்லா சூடாயிடுது, அப்ப மூலையும் பளிச்சுனு ஆயிடுது. கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

அவன் சிரித்தான். "அப்ப நம்ம மெஷின் மணி பாக்கக் கத்துக்கிட்டிருக்கு. பரவாயில்லையே, என் பொண்ணுக்கே அது இன்னும் வரல."

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் இருவருக்கும் ஒரே நேரத்தில், படமெடுக்கும் வேளைகளைப் பங்கிட்டுக்கொண்ட அந்தப் பழைய கூட்டம் நினைவுக்கு வந்தது. மாடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு நல்ல நுண்ணோக்கி. அந்த ஆய்வகத்தில் எதையும் யாருக்கும் மனவருத்தம் வராதபடி பேசி முடித்துத்தான் செய்வார்கள். ஒன்றரை மணி நேரம் காபி குடித்துக்கொண்டே பேசினார்கள். யோரிட் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வர வேண்டும், ஆகவே மதியம் தனக்கு வேண்டும் என்றான். ரென்ஸ்கெ சீக்கிரம் எழுகிறவள், காலையை எடுத்துக்கொண்டாள். தட்டுகள் மாறிப்போகாமல் இருக்க, கொடுக்கிற செல்களை அவளும் ஓசிக்காரர்களை அவனும் படம் பிடிப்பது என்று முடிவாயிற்று. 'இருவருக்கும் திருப்தி' என்று கூட்டக் குறிப்பில்கூட எழுதியிருந்தது. ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் அந்த ஒப்பந்தப்படியே நடந்தார்கள். யாராவது ஒருவர் ஒரு வாரம் ஏமாற்றியிருந்தால், அல்லது சண்டை போட்டு நேரத்தை மாற்றிக்கொண்டிருந்தால், தவறு அப்போதே தெரிந்திருக்கும்.

"சரி," என்றான் யோரிட். குரல் மாறியிருந்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை உனக்குத் தேர்வு. அதுக்கடுத்த திங்கக்கிழமை எனக்கு இன்டர்வியூ."

"தெரியும்."

"பேராசிரியர் ஓவர்டைக் உன் தேர்வுக் குழுவுலயும் இருக்கார், அந்த இன்டர்வியூவுலயும் இருக்கார்."

"தெரியும், யோரிட்."

"நாப்பத்தஞ்சு நிமிஷம். ஏழு பேரு. ஆளுக்கு ஆறு நிமிஷம், அதுல ரெண்டு நிமிஷம் வாழ்த்துறதுக்கே போயிடும். உன்ன பொய் சொல்லச் சொல்லல. கேட்டா சொல்லு. நாமளா போய்ச் சொல்றத மட்டும் திங்கக்கிழமைக்கு அப்புறம் வெச்சுக்கலாம்."

டிசம்பரோடு அவனுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. தெற்கில் உள்ள பல்கலைக்கழகத்தின் அந்த நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் அவன் ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டியதுதான். இதை அவன் சொல்லத் தேவையில்லை.

மேசைக்குத் திரும்பியதும் பழக்கதோஷத்தில் நான்கு கட்டம் வரைந்தாள். நான் சொன்னால், அவன் சொன்னால், இருவரும் சொன்னால், இருவரும் சொல்லாவிட்டால். செல்களுக்காக நூறு முறை வரைந்த கட்டம். எண்களை எழுதப் பேனாவை வைத்தவள் எழுதாமல் நிறுத்தினாள். தலைக்குள் ஒரு வாக்கியம் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்தது. "இந்த முடிவை வேறு ஆய்வகங்களும் சரிபார்ப்பது அவசியம்." ஓவர்டைக் கேட்டால் சொல்ல வேண்டிய பதில். எப்போது அதை யோசித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குளத்தைச் சுற்றும்போதா, அதற்கு முன்பேயா? அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவளைப் பயமுறுத்தியது அதுதான். பொய் சொல்வாள் என்றால் தன்னைத் தடுத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும். உண்மையை மட்டும் சொல்லியே ஒளிந்துகொள்ள முடியும் என்று இதற்கு முன் அவள் தன்னைப் பற்றி நினைத்ததில்லை.

மறுநாள் முதல் இரண்டு வகைச் செல்களையும் ஒரே தட்டில் கலந்து, ஒரே மணி நேரத்தில் படம் பிடித்தாள். ஐந்து நாள் ஆயிற்று. கணினி நூற்றுக்கு ஐம்பத்துமூன்று சரியாகச் சொன்னது. காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அதை இரண்டு பக்கமாக எழுதி எடுத்துக்கொண்டு தன் பேராசிரியரிடம் போனாள். அலெய்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"புக்கு அச்சாயிடுச்சு. குழு ஒப்புதலும் குடுத்தாச்சு," என்றார். "திரும்ப வாங்க முடியாது. பிழைத்திருத்தத் தாள் ஒண்ணு அடிச்சு உள்ள வெக்கலாம். பத்திரிகைக்கு அனுப்புன கட்டுரைய நிறுத்திடலாம், நல்லவேளை இன்னும் வெளியாகல."

"பட்டம் தருவாங்களா, அலெய்ட்?"

"மத்த அத்தியாயமெல்லாம் நிக்குதேம்மா. தருவாங்க. ஆனா கேள்வி பூரா இதுலதான் வரும், தயாரா இரு. குழுவுக்கு மெயில் நான் போடறேன். நானும் கவனிக்காம விட்டுட்டேன்னு சேத்துப் போடறேன்." பிறகு, "யோரிட்டுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தாள்ல அவன் பேரு?"

"வேண்டாம். திட்டம் என்னோடது."

அலெய்ட் கேட்க வந்ததைக் கேட்காமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

தாளில் பதினோரு வரி. 'படங்கள் இரு வேறு வேளைகளில் எடுக்கப்பட்டதை நான் கணக்கில் கொள்ளவில்லை. தவறு என்னுடையது.' எழுதி முடித்தபோது ரென்ஸ்கெவுக்கு உடம்பே லேசானது போலிருந்தது. ஒருவனுடைய வேலையையும் காப்பாற்றியாயிற்று, உண்மையையும் சொல்லியாயிற்று. பெட்டியைப் பிரித்துப் புத்தகத்துக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தபோது யோரிட் வந்து ஒரு தாளை எடுத்துப் படித்தான்.

"என் பேரு இல்ல," என்றான்.

"அதான் நல்லது."

"யாருக்கு?"

"திங்கக்கிழமைன்னு நீதானே சொன்ன."

அவன் தாளை அதே மடிப்பில் மடித்து வைத்தான். "வெள்ளிக்கிழமை என் பக்கத்துல நிப்பியா?" என்று அவள் கேட்டாள். "அன்னிக்குப் போட வால் கோட்டு அளவு குடுத்து எடுத்தாச்சு. அதுக்காகவாவது நிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு மூன்று நாள் குளத்தைச் சுற்ற அவன் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மண்டபத்தில் கறுப்பு அங்கி போட்ட ஏழு பேர் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ரென்ஸ்கெ சிவந்த மூலையுள்ள படத்தையே அம்மாவுக்குக் காட்டினாள். கணினி செல்லைப் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்தது, நான் அதை இத்தனை மாதம் கவனிக்கவில்லை என்றாள். அம்மா 'ஓ' என்று சொல்லவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கறக்கும்போது பாலில் ரத்தம் தெரிந்தால் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

நான்காவதாக ஓவர்டைக்கின் முறை. உயரமான, மெதுவாகப் பேசுகிற மனிதர். சடங்கு முறைப்படி எழுந்து வணங்கினார்.

"மதிப்பிற்குரிய தேர்வாளரே, தங்கள் ஆய்வேட்டில் ஒரு தாள் செருகப்பட்டிருக்கிறது. என் கேள்வி அதைப் பற்றியது. தங்கள் வலப்பக்கத் துணையாளர் அதை வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

துணையாளுக்கு உள்ள ஒரே வேலை அதுதான். கேட்டால் வாசிப்பது. மற்ற நேரமெல்லாம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். யோரிட் ஒரு அடி முன்னால் வந்து பதினோரு வரியையும் வாசித்தான். குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. தவறு என்னுடையது என்கிற கடைசி வரியை முடித்த பிறகும் பின்னால் நகரவில்லை.

"மதியப் படங்கள எடுத்தது நான்," என்றான். "மதியம் வேணும்னு கேட்டு வாங்கினதும் நான்தான். அது இதுல விட்டுப்போயிருக்கு."

தலைவர் பேனாவால் மேசையைத் தட்டினார். "துணையாளருக்குப் பேச்சுரிமை இல்லை."

"தெரியும், மன்னிக்கணும்," என்று சொல்லிவிட்டு யோரிட் தன் இடத்துக்குத் திரும்பினான்.

ஓவர்டைக் அவனைப் பார்க்கவில்லை. காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டு ரென்ஸ்கெவிடம், அப்படியானால் இந்த அத்தியாயத்தில் மிஞ்சுவது என்ன என்று கேட்டார். அவள் ஐம்பத்துமூன்றைச் சொன்னாள். ஒரே மணி நேரத்தில் படம் எடுத்தால் என்ன ஆகிறது, எத்தனை தட்டு, எத்தனை நாள் என்று சொன்னாள். வடிவத்தை வைத்து வேறுபடுத்த முடியாது என்று சொல்லவும் இந்த ஐந்து நாள் படங்கள் போதாது என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் சூடாக ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. கோபம்தான் என்று அடையாளம் தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மீதி மூன்று பேரும் கேட்டு முடிப்பதற்குள் சடங்கை நடத்தும் கோல்காரர் உள்ளே வந்து, மணி வளையங்கள் குலுங்கக் கோலைத் தரையில் ஊன்றி, நேரமாயிற்று என்று லத்தீனில் அறிவித்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். அதுவும் முறைதான்.

குழு தனியறைக்குப் போயிற்று. அம்மா தங்கையிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்ன யாரு பேசச் சொன்னா?" என்றாள் ரென்ஸ்கெ, உதடு அசையாமல்.

"யாரும் சொல்லல."

"உனக்காகத்தானே நான் அப்படி எழுதினேன். திங்கக்கிழமை அந்தாளு முன்னாடி போய் உக்காரணும் நீ."

"உக்காருறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ஆறு மாசம், ரென்ஸ்கெ. பாதிப் படம் நான் எடுத்தது. அந்தத் தாளப் படிச்சா நான் அந்த மாடிக்கே வராதவன் மாதிரி இருக்கு." அவன் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினான். "தப்புலகூடப் பங்கு குடுக்க மனசு வரலயா உனக்கு?"

தாளை எழுதி முடித்ததும் உடம்பு லேசானதே, அது எதனால் என்று இப்போதுதான் தன்னையே கேட்டுக்கொண்டாள். அவன் வேலை தப்பியது என்பதாலா? கொஞ்சம் அதனாலும்தான். ஆனால் அந்தப் பதினோரு வரியில் தான் மட்டும் தனியாக, நிமிர்ந்து நின்றது அவளுக்குப் பிடித்திருந்தது. அவன் ஒரு அடி முன்னால் வந்து அதில் பாதியை எடுத்துக்கொண்டான். கோபம் அதற்குத்தான். அவனிடம் கேட்காமலே அவன் சார்பில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பெருந்தன்மை என்று பெயரும் வைத்திருந்தாள்.

"கேட்டிருக்கணும்," என்றாள்.

"ஆமா. கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா?"

"தெரியல," என்றான் யோரிட். "திங்கக்கிழமைக்கு அப்புறம்னுதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனா கேட்டிருக்கணும்."

கதவு திறந்தது. எல்லோரும் எழுந்தார்கள். பட்டம் கொடுத்தார்கள். அலெய்ட் பாராட்டுரையில் நான்காவது அத்தியாயத்தைத் தாண்டிப் போகாமல், அதைப் பற்றியே அரைப் பங்கு பேசினார். வரவேற்பறையில் எல்லோரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். ஓவர்டைக் அவளுக்குக் கை கொடுத்தார், தங்கைக்குக் கொடுத்தார், யோரிட்டுக்குக் கொடுத்தார்.

"திங்கக்கிழமை பத்தரைக்கு," என்று அவனிடம் சொன்னார். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவர் நகர்ந்ததும் யோரிட் குனிந்து, "என்ன அர்த்தம் அதுக்கு?" என்று கேட்டான்.

"பத்தரைக்குன்னு அர்த்தம்."

அவன் சிரிக்கவில்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. பட்டம் அவள் கையில் இருந்தது, அவனுக்குத்தான் இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. அதை மாற்ற அவளால் முடியாது.

"பத்திரிகைக்குக் கட்டுரைய வாபஸ் வாங்கிக் கடிதம் எழுதணும்," என்றாள். "முதல் வரைவ நீ எழுது. நான் திருத்தறேன்."

"திருத்தறப்ப என் பேர எடுத்துடுவியா?"

"மாட்டேன்."

அடுத்து கை கொடுக்க அம்மா வந்துகொண்டிருந்தாள்.