இடக்கைக்கு ஒரு பிடி

சூரை மீன் மோசமாகி நாலு மாதம் ஆகியிருந்தது.

மோசம் என்றால் வந்தவர்கள் முகம் சுளிக்கிற மோசம் இல்லை. உகாய்க்கு மட்டும் தெரிகிற மோசம். செந்தசையில் வரவேண்டிய லேசான இரும்பு வாசம் வரவில்லை. கரைய வேண்டிய இடத்தில் நார் நின்றது. மோரிஷிதாவில், சலவைக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருந்தது அவன் சூஷிக் கடை. வினிகர் கலந்த சோற்றைக் கையால் பிடித்து, மேலே பச்சை மீன் துண்டு வைத்துத் தருகிற கடை. எட்டு நாற்காலி. எட்டுப் பேரும் நல்லா இருக்கு என்றுதான் சொன்னார்கள். ஆனால் முன்பெல்லாம் சூரை வாய்க்குள் போனதும் பேச்சு நின்றுவிடும். இப்போது நிற்பதில்லை. பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தவர்கள் மென்றுகொண்டே பேஸ்பால் பேசினார்கள்.

ஒரு சமையல்காரனைத் தூங்கவிடாமல் செய்ய அது போதும்.

சூரையைக் கொடுத்தவர் சகுமா. தொயோசு மீன் சந்தையில் கடை வைத்திருப்பவர். உகாய் கடை திறந்த நாளிலிருந்து அவர் மீன்தான். அதில் சமையல்காரன் பொறுக்கி எடுக்கிற பேச்சே கிடையாது. சகுமா விடிகாலை ஏலத்துக்குப் போவார். வரிசையாகக் கிடக்கும் மீன்களின் வால் பக்கத்தில் டார்ச் அடிப்பார். துளித் தசையைக் கிள்ளிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பார். எது உகாய் சோற்றுக்குப் போகும், எது ஓட்டலுக்குப் போகும் என்று அந்த விரல்கள் சொல்லும். உகாய் போய் வாங்கிக்கொண்டு வருவான். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வியாபாரியை மாற்றுவது சட்டை மாற்றுகிற மாதிரி இல்லை. காலையில் ஒருவன் வேறு கடை முன்னால் நின்றால் மதியத்துக்குள் சந்தை முழுக்கத் தெரியும். உகாயே போய்விட்டானாமே என்பார்கள். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் போவார்கள். பழைய வியாபாரியே கூட்டிக்கொண்டு போய்ப் புதியவரிடம் விட்டால் மட்டும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் எந்த வியாபாரி தன் வாடிக்கையைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பான்?

ஒருமுறை உகாய் கேட்டே விட்டான். சந்தையில், சகுமா கடை முன்னால், குரலைத் தாழ்த்தி, மரியாதையாக: "சகுமா-சான், மீன் கொஞ்சம் முன்ன மாதிரி இல்லையோ?"

சகுமா மீனைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்தார். "உன் சோறு மாறிடுச்சோ? புளிப்பு தூக்கலா இருந்தா மீன் செத்துப்போகும்."

உகாய் நம்பினான். நம்பாமல் என்ன செய்வது? வீட்டுக்கு வந்து சிவப்பு வினிகரை மாற்றினான். பிறகு உப்பைக் குறைத்தான். பிறகு அரிசிக்காரரையே மாற்றினான். மனைவி மிட்சுயோவைத் தினமும் சோறு தின்னச் சொல்லி முகத்தைப் பார்த்தான். "சோறு சோறாத்தான் இருக்கு. என்னை விடுங்க" என்றாள் அவள். கடைசியில் காது மூக்கு டாக்டரிடம் போய் நாக்கை நீட்டினான். டாக்டர் குச்சியில் உப்பு, கசப்பு எல்லாம் தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, உங்க வயசுக்கு இது பிரமாதமான நாக்கு என்றார். அதையும் அவன் முழுசாக நம்பவில்லை.

இன்று சந்தைக்கு விடுமுறை. நாலு மாதமாக ஏதேதோ சாக்குச் சொல்லிக் கடைப் பக்கமே வராமல் இருந்த சகுமா மதியம் சாப்பிட வருவதாக போன் செய்திருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"இன்னிக்குச் சொல்லிடுங்க" என்றாள் மிட்சுயோ, தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே. "வேற இடத்துல வாங்கறேன்னு நேராச் சொல்லுங்க. மனுசன் கடிக்கவா போறாரு?"

"சொல்றேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவை அவர் வரவேயில்லையே."

"வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க."

அது உண்மைதான். அவன் கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தான்.

சகுமா வாசல் திரைத்துணியைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வலது கை மேல்கோட்டுப் பைக்குள் இருந்தது. கோட்டைக் கழற்றச் சொல்லி மிட்சுயோ கை நீட்டியபோது, குளிருது என்றார். குளிரவில்லை. வழக்கமான ஓர நாற்காலியில் உட்கார்ந்தார். கை துடைக்க மிட்சுயோ சூடான துண்டைக் கொடுத்தாள். அதை மேசை விளிம்பில் வைத்து இடது கையை மட்டும் தேய்த்துத் துடைத்தார்.

"என்ன உகாய், மெலிஞ்சுட்ட? வீட்டம்மா சோறு போடறதில்லையா?"

"அவர் எனக்குப் போடறாருங்க, ரெண்டு மாசமா" என்றாள் மிட்சுயோ. "வெறும் சோறு. ருசி பாக்க."

சகுமா சிரிக்கவில்லை. உகாய் அதைக் கவனித்தான். சாதாரணமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு அவர் சிரிப்பார்.

முதலில் கணவாய். மெல்லக் கீறி, சோற்றோடு பிடித்து, அவர் முன்னால் பலகையில் வைத்தான். வலது கை விரல்களுக்கு வாகாக, எப்போதும் வைக்கும் சாய்வில். சகுமா இடது கையை நீட்டினார். பிடி அந்தக் கைக்கு எதிராகக் கிடந்தது. விரலை மடக்கி ஒரு மாதிரி எடுத்தார். சோறு கொஞ்சம் உதிர்ந்து பலகையில் விழுந்தது. உதிர்ந்ததைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

உகாய் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கே ஆரம்பிப்பது? சூரைக்கு முன்னாலா, பின்னாலா? சூரையை வைத்துவிட்டு, இதைச் சாப்பிட்டுப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க என்று ஆரம்பிக்கலாம். அது கொஞ்சம் குரூரம். குரூரமாக இருந்தால் என்ன? இப்படி யோசித்துக்கொண்டே வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தியை நறுக்கினான், பிடித்தான், வைத்தான்.

சகுமா அதை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எவன் சொன்னான்?" என்றார்.

"என்னத்த?"

"இதை எவன் சொன்னான்னு கேக்கறேன்."

உகாய் அப்போதுதான் பலகையைப் பார்த்தான். பிடி எதிர்ச்சாய்வில் கிடந்தது, இடக்கைக்காரருக்கு வைப்பது போல. இத்தனை வருடத்தில் இந்த நாற்காலிக்கு அவன் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை.

"யாரும் சொல்லல. நான் திருப்பவும் இல்ல. கை அதுவாத் திருப்பிடுச்சு."

"உன் கைக்காவது புத்தி இருக்கு" என்றார் சகுமா. பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்துப் பலகைமேல் வைத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மீன் வெட்டித் தடித்த, பழைய கை. "இது செத்துப்போச்சு. நாலஞ்சு மாசம் முன்ன, தலைக்குள்ள சின்னதா ஒரு அடைப்பு. பேச்சு வந்துடுச்சு, நடை வந்துடுச்சு. இந்த மூணு விரல் மட்டும் வரல. அசையும். ஒண்ணும் தெரியாது. சூடும் தெரியாது, ஈரமும் தெரியாது."

"ஏலத்துல?"

"டார்ச் அடிச்சு நிறத்தப் பாத்து வாங்கறேன். தேய்க்கற மாதிரி நடிக்கறேன். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியணுமே."

"இடது கை?"

"அது நாற்பது வருசமா டார்ச் பிடிச்ச கை. முட்டாள் கை. அதுக்கு என்ன தெரியும்?"

உகாய்க்கு இரக்கம் வரவில்லை. முதலில் வந்தது நிம்மதி. தன் நாக்கு கெடவில்லை, சோறு கெடவில்லை. காலிலிருந்து தலைவரை அந்த நிம்மதி ஏறியது. அது ஏறி முடிந்ததும் கோபம் வந்தது.

"என் சோத்தைக் குத்தம் சொன்னீங்க."

"சொன்னேன்."

"வினிகரை மாத்தினேன். அரிசிக்காரரை மாத்தினேன். டாக்டர்கிட்டப் போய் நாக்கை நீட்டினேன்."

"நாக்கையா?"

"சிரிக்காதீங்க."

"நீட்டினாருங்க" என்றாள் மிட்சுயோ உள்ளேயிருந்து. "அதுக்கு முதல் நாள் பூண்டு வேண்டாம்னு வேற விரதம்."

சகுமாவுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "நீ கேட்ட அன்னிக்கு எனக்கு வேற எதுவும் வாயில வரல. உன் சோறுதான் பக்கத்துல கெடச்சுது. அதை எடுத்து முன்னால போட்டேன்." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தார். பலகையில் நெற்றி படுகிற அளவுக்கு.

"நிமிருங்க. பலகை அழுக்காகும்."

நிமிர்ந்தார். உகாய் கத்தியைத் துணியில் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"சூரையை இனிமே வேற இடத்துல வாங்கப்போறேன்" என்றான். "இன்னிக்கு இதைச் சொல்லத்தான் இருந்தேன்."

"தெரியும். அதுக்குத்தானே நாலு மாசமா வராம இருந்தேன்."

"அப்ப இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"பசிச்சுது."

கானாங்கெளுத்தியை இடது கையால் எடுத்து வாயில் போட்டார். இந்தத் தடவை சோறு உதிரவில்லை. மெதுவாக மென்று முடித்துத் தேநீர் குடித்தார்.

"யாருகிட்ட? இசோபேகிட்டயா?"

"அவர்தான்."

"நல்ல பையன். ஆனா கொழுப்பைக் கண்டா மயங்கிடுவான். அவன் குடுக்கறதை அப்படியே வாங்கினா, உன் சோறு அடியில கெடந்து மூச்சு முட்டும்." கொஞ்ச நேரம் கோப்பையை இடது கையால் சுழற்றிக்கொண்டிருந்தார். "நாளைக்குக் காலைல கடைக்கு வா. நானே கூட்டிட்டுப் போறேன்."

உள்ளே குழாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. மிட்சுயோ நிறுத்தியிருந்தாள்.

"நீங்களே கூட்டிட்டுப் போனா மத்த சமையல்காரங்களும் அதையே கேப்பாங்க" என்றான் உகாய்.

"கேக்கட்டும். கெட்ட மீனை எத்தனை நாள்தான் தலையில கட்டறது?"

வேண்டாம் சகுமா-சான், இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம் என்று உகாய் சொல்லியிருக்கலாம். நல்ல மனுசன் அப்படித்தான் சொல்லியிருப்பான். அவன் சொல்லவில்லை. அவனுக்குச் சூரை வேண்டியிருந்தது.

"காலைல எத்தனை மணிக்கு?" என்று கேட்டான்.

"ஏலம் முடிஞ்சதும். சரி, சூரையைப் போடு. என் மீன்தானே."

போட்டான். இடக்கைச் சாய்வில். சகுமா கண்ணை மூடி மென்றார்.

"மோசம்" என்றார்.

"ஆமா."

"நாக்கு இன்னும் இருக்கு எனக்கு. டாக்டர்கிட்டக் காட்ட வேண்டியதில்ல."

"அப்ப ஏலத்துல நக்கிப் பாத்து வாங்குங்க."

"அடிச்சே கொன்னுடுவானுங்க."

இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு மீதியைச் சாப்பிட்டு முடிக்கும்வரை பேஸ்பால் பேசினார்கள்.

மறுநாள் காலையில் சகுமா ரப்பர் பூட்ஸும் ஏல எண் பதித்த தொப்பியுமாகக் கடை வாசலில் நின்றிருந்தார். வா என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். சந்தின் இரண்டு பக்கமும் உறைந்த மீனை அறுக்கும் ரம்பங்கள் கத்திக்கொண்டிருந்தன. இவர்கள் கடந்து போகப் போக ஒவ்வொன்றாக ஓய்ந்தன. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்தார்கள். சகுமாவும் பின்னால் ஒரு சமையல்காரனும், இசோபே கடைப் பக்கம். அதற்கு ஒரே அர்த்தம்தான்.

இசோபே நாற்பதைத் தொடாத ஆள். இவர்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி இடுப்புவரை குனிந்தான்.

"இவரு மோரிஷிதா உகாய்" என்றார் சகுமா. "சோத்துல சிவப்பு வினிகர் போடறவர். வாசம் வேணும், கொழுப்பு அடக்கமா இருக்கணும். முதுகுப் பக்கம் குடு. பளபளன்னு இருக்கறதை இவர் தலையில கட்டினா நான் வந்து கேப்பேன்."

"கட்ட மாட்டேங்க."

இசோபே அன்று வாங்கிய மீனின் வாலருகே கத்தியை ஓட்டித் துளித் தசையை எடுத்து, இரண்டு கையாலும் மூத்தவர் முன்னால் நீட்டினான். அது மரியாதை. அதை மறுக்க முடியாது. பக்கத்துக் கடைகளில் ஒருவனும் வேலை செய்யவில்லை.

சகுமா வலது கையைப் பையிலிருந்து எடுத்தார். தசையை வாங்கி விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். நாற்பது வருடமாகத் தேய்த்த அதே தேய்ப்பு. நடிக்க நினைத்திருந்தால் அங்கேயே நடித்திருக்கலாம். ஒருவனுக்கும் தெரிந்திருக்காது.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் சத்தமாக. "விரல் போயிடுச்சு. நீ பாரு."

உகாய் வாங்கித் தேய்த்தான். விரல் சூட்டில் தசை மெல்ல வழுக்கியது. எண்ணெய் அதிகமில்லை. மூக்கருகே கொண்டுபோனான். நாலு மாதமாகக் காணாமல் போயிருந்த அந்த இரும்பு வாசம்.

"நல்லா இருக்கு" என்றான். அவர் முன்னால் அதைச் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னான்.

"அப்ப எடு."

சகுமா தன் கடைக்குத் திரும்பி நடந்தார். வழியில் ஒரு சமையல்காரர் அவரை நிறுத்திக் குனிந்து ஏதோ கேட்பதை உகாய் பார்த்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொருவர் காத்திருந்தார். பிறகு ரம்பங்கள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

அந்த மீனை ருசி ஏற ஐஸில் சில நாள் கிடத்தி வைத்துப் பரிமாறினான். மறுபடி பழைய வினிகர், பழைய அரிசிக்காரரின் அரிசி. அன்று வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தது குதிரைப் பந்தயம். சூரை வாய்க்குள் போனதும் பேச்சு நின்றது. ஒரு ஆள் மூக்கால் நீளமாக மூச்சு விட்டார். உகாய் அடுத்த பிடிக்குச் சோற்றை அள்ளினான்.

அடுத்த சந்தை விடுமுறைக்குச் சகுமா வந்தார். அவர் தன் சந்தைக் கடையை மூடப்போவதாகப் பேச்சு அடிபட்டது. உகாய் கணவாயைக் கீற ஆரம்பித்தான். மிட்சுயோ துண்டை இடது பக்கம் வைத்தாள். கணவாய், கானாங்கெளுத்தி, பிறகு இசோபேயின் சூரை. எல்லாம் எதிர்ச்சாய்வில். சகுமா சூரையை நிதானமாக மென்று விழுங்கினார்.

"எப்படி?" என்றான் உகாய்.

"மீன் பரவாயில்ல." தேநீரை உறிஞ்சினார். "சோறுதான் புளிப்பு தூக்கல்."

உகாயின் கை தன்னால் சோற்றுப் பானைப் பக்கம் போனது. பிறகுதான் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த அவர் முகத்தைப் பார்த்தான்.