காய்ச்சல் இல்லாத நாலு நாள்

நாற்காலிகளைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவளிடம் ஐந்தாவது ஆளும் அதையேதான் கேட்டார்.

"காய்ச்சலா இருந்துச்சாம்மா?"

"காய்ச்சலே இல்லைங்க. வெறும் சளிதான்."

சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. முன்னறையில் அப்பாவின் உடல் போர்வைக்கடியில் கிடந்தது.

அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எந்தத் துணி எவ்வளவு சூடு தாங்கும் என்பது கைக்கு மனப்பாடம். தெர்மாமீட்டர் எதற்கு, என் கை போதாதா என்பாள். அந்தக் கையால்தான் நாலு நாளும் அப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது. நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் அவர் சாப்பிடவில்லை. வேலைக்கு நேரமாச்சு என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. "ஏம்ப்பா என் உயிரை வாங்குறீங்க?" என்று எரிந்து விழுந்தாள். அவர் அசடு வழியச் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

"இந்த வயசுல கிருமியை எதிர்க்க உடம்புல தெம்பு இருக்காதும்மா. சிலருக்குக் காய்ச்சல்கூட வராது. சாப்பிட மாட்டாங்க, திடீர்னு தடுமாறுவாங்க. அப்பவே நுரையீரல் கெட்டிருக்கும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர், எல்லாம் முடிந்த பிறகு. பக்குவமாகத்தான் சொன்னார்.

"உன்மேல என்ன தப்பு, விடு" என்றான் அண்ணன். அவள் எரிந்து விழுந்தது அவனுக்குத் தெரியாது. சொல்ல அவளுக்கும் தெம்பில்லை.

மூலையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். பழைய பஸ் டிரைவர். இன்றைக்கும் யார் வண்டியில் ஏறினாலும் காலால் பிரேக் மிதிப்பார். போன வாரம் முழுக்க அப்பாவோடு உட்கார்ந்து டிவி பார்த்தவர். திடீரென்று அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என் தம்பி இன்னும் வரலையா? டீ ஆறுதே."

"பாவம், துக்கத்துல என்ன பேசுறோம்னு தெரியல" என்றது ஒரு குரல்.

அவள் போய் அவர் நெற்றியில் கை வைத்தாள். சில்லென்று இருந்தது. மூச்சு மட்டும் படபடவென்று ஓடியது.

"காலைல சாப்பிட்டீங்களா பெரியப்பா?"

"பசிக்கலம்மா."

"அண்ணே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"இப்பவா? அப்பாவை எடுக்கப் போறோம். காய்ச்சல் அடிக்குதா?"

"இல்ல. நீ கூப்பிடு. அப்பாவை நீங்க கொண்டுபோங்க, நான் இவர்கூடப் போறேன்."

அண்ணன் போனை எடுத்தான்.

வாசல் முழுக்க வந்தவர்களின் செருப்புகள். பெரியப்பாவுடையதைத் தேட நேரமில்லை. கதவுக்குப் பின்னால் இருந்த அப்பாவின் செருப்பை எடுத்துவந்து, குனிந்து, பெரியப்பா காலில் மாட்டிவிட்டாள். அளவு சரியாக இருந்தது.